உப்புக்கு அடியில் ஒரு மேடு

வேதாரண்யத்துப் பாத்தியில் வாரிய உப்பு கையில் நறநறவென்று உடையும். அதே உப்பு கடலடியில் இரண்டு மூன்று கிலோமீட்டர் படிவத்துக்கு (படிந்த மண் அடுக்குகளுக்கு)க் கீழே புதைந்தால், லட்சக்கணக்கான வருஷங்களில் பாகாக ஓடும். காவிரிப் படுகையில் அப்படித் தடித்த உப்பு அடுக்கு கிடையாது. ஆனால் அந்த உப்பு ஓடும் தரை எப்படியிருக்கும் என்பதற்கு நம்மூரே சாட்சி. மேலே வயல் தட்டை; வண்டலுக்கு அடியில் கும்பகோணம்–மாதானம் மேடு, தரங்கம்பாடிப் பள்ளம், காரைக்கால் மேடு. கண்டம் பிளந்தபோது உண்டானவை. அங்கோலா, பிரேசில் கடல்களில் இதுபோன்ற மேடுபள்ளத்தின் மேல்தான் ஏறக்குறைய 11 கோடி ஆண்டுப் பழைய உப்பு கிடக்கிறது.

கரை கடல் பக்கம் ஓரிரு டிகிரி சாய்ந்தாலே உப்பு நகரும். நாற்றங்கால் சேற்றுக்குள் பழைய வரப்பு புதைந்திருந்தால் என்ன ஆகும்? வரப்பின் மேல் சேறு மெலியும். உப்புக்கு அடியிலுள்ள மேடும் அப்படித்தான்: மேட்டின் மேல் உப்பு மெலிகிறது. இரண்டு பக்கமும் நெருக்கி நடுவில் பிதுங்கும் ஓட்டத்தில், தடிமன் பாதியானால் கடந்துபோகும் அளவு எட்டில் ஒரு பங்காகிவிடும். அதனால் கரைப்பக்கம் உப்பு தேங்கிப் புடைத்து, மேலுள்ள படிவம் மடிகிறது. கடல்பக்க விளிம்பைத் தாண்டியதும் உப்பு தடித்து வேகமெடுக்கும்; விளிம்பில் படிவம் இழுபட்டுப் பிளக்கும், சரிவின் அடியில் மறுபடி மடியும். ஒரே படிவம் போகிற வழியில் பிளந்தும் மடிந்தும் போனதைப் பார்த்து, இரண்டு தனித்தனி நிலவியல் நிகழ்ச்சி என்று எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை.

அந்தச் சரிவின் அடிப்பள்ளத்தில் வண்டல் நிரம்பும். நிரம்பியது கடல் பக்கம் நகர, பின்னால் புதுப் பள்ளம் நிரம்பும். மிகப் பழைய பள்ளத்தின் அச்சு சரிவிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறதோ, படிவம் ஏறக்குறைய அவ்வளவு தூரம் பயணம் செய்திருக்கிறது.

இனிமேல்தான் பெரிய வம்பு. சீஸ்மிக் படத்தில், அதாவது தரைக்குள் அதிர்வலை அனுப்பி எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்து வரையும் படத்தில், தெரியும் மேடு நிஜமா? உப்பில் அலை நொடிக்கு சுமார் 4,500 மீட்டர் போகும், பக்கத்துப் படிவத்தில் 3,000 என்று வையுங்கள். 1,000 மீட்டர் உப்பைக் கடந்து திரும்ப 444 மில்லிநொடி. அதே தடிமன் படிவத்துக்கு 667. உப்பு வழியே போன எதிரொலி சுமார் 222 மில்லிநொடி முந்தி வந்துவிடும். உப்புக்கு அடியில் இருக்கும் சமதரை, 330 மீட்டருக்கு மேல் உயர்ந்த மேடாகத் தெரியும்!

இப்படி நேரத்தைக் காட்டும் படத்தை வைத்து அடித்தரையை வரையாதீர்கள். உப்பின் மேல் எல்லைக் கோட்டை முதலில் குறித்து, அதற்குக் கீழே உப்பு வேகத்தை நிரப்பி, ஆழத்தைக் காட்டும் படமாக மாற்றிய பிறகே உப்பின் அடி எல்லைக் கோட்டைக் குறிக்க வேண்டும். உப்பு தடித்த இடத்திலெல்லாம் அந்த அடி எல்லையும் கூடவே உயர்ந்தால் சந்தேகப்படுங்கள். அந்த இடத்துப் புவியீர்ப்பு அளவையும் ஒத்துப் பாருங்கள்: கன சென்டிமீட்டருக்கு உப்பின் அடர்த்தி சுமார் 2.2 கிராம், அடித்தளப் பாறை 2.7 கிராம். நிஜமான பாறை மேடு என்றால் லேசான உப்பால் குறைந்த ஈர்ப்பை ஈடுகட்டிப் பார்த்த பிறகும் ஈர்ப்பு கூடுதலாகவே நிற்கும்.