கம்பிக்குள் போன உப்பு: வீட்டு வேலை நாட்குறிப்பு

ஏப்ரல் 20, 2025

மிளகாய் எல்லாம் கைமாறிவிட்டது. எட்டிவயல் மிளகாய்ச் சந்தையில் கொண்டுபோய்ப் போட்டதும் களத்துக்கே வந்து வியாபாரி எடுத்ததுமாக, பறிப்புக் கூலி, சாக்கு, வண்டி வாடகை போக 95,000 ரூபாய் நிற்கிறது. நம் குண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயர் விலையாக மாறி எங்கள் களத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை. அஞ்சலகச் சேமிப்பில் 1,60,000 இருக்கிறது. இரண்டும் சேர்த்து 2,55,000. இந்த வருஷம் வீட்டு வேலையைத் தொடங்கியே ஆக வேண்டும்.

எங்கள் வீடு தேவிபட்டினத்துக்கு வடக்கே, கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. முன்கட்டு மாமனாரின் அப்பா காலத்து ஓட்டு வீடு. பின்கட்டு 1996இல் போட்ட காங்கிரீட் தளம், 24 அடிக்கு 20 அடி. முன்கட்டு அப்படியே நிற்கிறது, பின்கட்டுதான் உதிர்கிறது. அடுப்படி மேலே பத்தை பத்தையாகப் பெயர்ந்து கம்பி தெரிகிறது. அதற்கு நேர் கீழே உட்கார்ந்துதான் தினமும் சமைக்கிறேன்.

2,55,000இல் 40,000 ரூபாயை இன்றைக்கே அத்தையிடம் கொடுத்துவிட்டேன். புரட்டாசி உழவு, விதைநெல், உரம், களை எல்லாவற்றுக்கும் அதுதான். அத்தை வாங்கி முடிந்துகொண்டே சொன்னார்: "வெள்ளாமைக் காசை எடுத்து வீட்டுல போட்டா, தையில அந்த வீட்டுத் திண்ணையில கடன்காரந்தான் உக்காந்திருப்பான்." அத்தையிடம் இருக்கிற காசை நானோ என் வீட்டுக்காரரோ கேட்க மாட்டோம். மிச்சம் 2,15,000.

ஏப்ரல் 27

ராமநாதபுரத்திலிருந்து ஒரு இன்ஜினீயர் தம்பி வந்து பார்த்தார். சுத்தியலால் தளம் முழுக்க அடிப்பக்கத்தைத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடம் கணீரென்று கேட்கிறது, உள்ளே விட்டுப்போன இடம் பொத்தென்று கேட்கிறது. பொத்தென்ற இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டார். அடுப்படியும் குளியலறை ஓரமுமாகத் தளத்தில் கால்வாசி வந்தது. மற்றதெல்லாம் கெட்டியாக இருக்கிறது. கம்பியையும் அளந்தார். 8 மி.மீ. கம்பி சில இடங்களில் 6 மி.மீ. ஆகத் தேய்ந்திருக்கிறது.

கொத்தனார் அண்ணன் முன்னமே வந்து, "மொத்தத்தையும் ஒடச்சிட்டுப் புதுசாப் போட்ரலாம்த்தா" என்று சொல்லியிருந்தார். அதற்கு மூன்று லட்சத்துக்கு மேல் ஆகும். தம்பி சொன்னது வேறு. கெட்ட இடத்தைக் கொத்தி எடுத்து, துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு தடுக்கும் பூச்சு அடித்து, தேய்ந்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி சேர்த்துக் கட்டி, பாலிமர் கலந்த கலவையால் அடைக்கலாம். ஒரு லட்சம் சொச்சத்தில் முடியும். ஆனால் ஒன்றை அவர் மறைக்கவில்லை. "காங்கிரீட்ல ஏற்கெனவே கலந்துபோன உப்பை யாராலயும் வெளிய எடுக்க முடியாதுக்கா. இன்னிக்கு நல்லா இருக்கிற இடத்துல, ஒட்டுப் போட்ட ஓரத்துல, சில வருஷம் கழிச்சுத் திரும்ப வரலாம்."

ஆகவே இந்த வேலையில் நாங்கள் வாங்கப்போவது சில வருஷ அவகாசம். அந்த அவகாசத்துக்குள் புதுத் தளத்துக்கான காசு சேர வேண்டும். பட்ஜெட்டில் அதற்கும் இப்போதே ஓர் இடம் ஒதுக்க வேண்டும்.

மே 9

கிணற்றுத் தண்ணீரை ராமநாதபுரத்தில் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துக்குப் பெரியவன் எடுத்துப் போயிருந்தான். குளோரைடு லிட்டருக்கு 1,900 மில்லிகிராம் என்று வந்திருக்கிறது. கம்பி போட்ட காங்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் 500க்கு மேல் கூடாது என்று இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 456 சொல்கிறது. பாலிடெக்னிக்கில் படிக்கிறவன், புத்தகத்தைப் பிரித்து எனக்குக் காட்டினான்.

1996இல் இந்தக் கிணற்றில் இறைத்துத்தான் தளம் போட்டார்கள். அன்றைக்கு இந்தப் பக்கம் எல்லோரும் அப்படித்தான் கட்டினார்கள், நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? உப்பு கம்பியைத் தொட்டதும் துரு பிடிக்கிறது. இரும்பு இருந்த இடத்தைப் போலப் பல மடங்கு இடம் அந்தத் துருவுக்கு வேண்டும். அது உள்ளிருந்து முட்டித் தள்ளத்தான் காங்கிரீட் வெடிக்கிறது. வெளியே கடல் காற்று உப்பைக் கொண்டுவந்துகொண்டே இருக்கிறது. உள்ளேயும் நாமே கலந்து வைத்திருக்கிறோம்.

வீட்டு வேலைக்குக் கணக்குப் போடுகிறவர்கள் சிமெண்ட், மணல், ஜல்லி, கம்பி, கூலி என்று எழுதுவார்கள். தண்ணீருக்கு ஒரு வரி எழுதி நான் பார்த்ததில்லை. நம் கரையில் அந்த வரிதான் முதலில் வர வேண்டும். ஒரு மூட்டை சிமெண்டுக்குக் கலக்க 25 லிட்டர் போதும். பிறகு நனைப்பதற்குத்தான் அதைப் போலப் பல மடங்கு வேண்டும். கலக்குவதை நல்ல தண்ணீரில் கலக்கிவிட்டு, நனைப்பதற்குக் கிணற்றில் இறைத்து ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த உப்பும் உள்ளேதான் போகும். தளச் செலவுக் கணக்குக்குள்ளேயே டிராக்டர் டேங்க் தண்ணீருக்கு 8,000 ரூபாய் என்று ஒரு வரி எழுதிவிட்டேன்.

மே 24

நேற்று சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். சின்ன நாத்தனாருக்குத் தரைக்கு டைல்ஸ் போட வேண்டும். "மயினி, வர்றவுக மொதல்ல தரையத்தான பாப்பாக" என்கிறாள். அவள் ஆசையில் குற்றமில்லை, அவள் பிறந்த வீடு இது. டைல்ஸுக்கு 60,000, அடுப்படி அலமாரிக்கு இன்னொரு 40,000 ஆகும். இரண்டையும் அடுத்த மிளகாய்க்குப் பிறகு என்று எழுதிவைத்துவிட்டேன். தலைக்கு மேலே தளம் உதிரும்போது காலடியில் பளபளப்பு எதற்கு என்று கேட்டேன், அவளுக்கு முகம் வாடிவிட்டது. பிறகு சமாதானமாகித்தான் போனாள்.

ஊராட்சி அலுவலகத்திலும் கேட்டுப் பார்த்தோம். ஊரக வீடுகளைப் பழுது பார்க்கும் அரசுத் திட்டம், 2000-01க்கு முன்னால் அரசுத் திட்டங்களில் கட்டிய வீடுகளுக்கானது. எங்களுடையது சொந்தமாகக் கட்டியது, அதில் வராது.

நகைக்கடன் வாங்கலாமே என்று வீட்டுக்காரர் கேட்டார். மாசச் சம்பளக்காரர்கள் மாசாமாசம் கட்டுவார்கள். நமக்குத் தையில் நெல், மாசி தொடங்கிச் சித்திரை வரை மிளகாய், நடுவில் ஆடு. மழை ஏமாற்றினால் இதில் எதுவும் உறுதி இல்லை. காசு வருகிற அளவுக்கு வேலையை வெட்டிக்கொள்வோம் என்றேன். சம்மதித்தார்.

ஜூன் 5

பக்ரீத்துக்கு நான்கு கிடாய் போய்விட்டது. ஒன்று 13,500. மொத்தம் 54,000. கையில் 2,69,000.

ஜூன் 22

முன்கட்டு வேலை முடியப்போகிறது. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் இடித்துவிடு என்று சொல்லாத ஆளில்லை.

ஓட்டைப் பிரித்தபோது உள்ளே இருந்த பனஞ்சட்டங்களை ஆசாரி தட்டிப் பார்த்தார். வைரம் பாய்ந்த பனை, உளி இறங்கவில்லை. இறவாரப் பக்கம் நுனிகளில் மட்டும் கரையான். ஒன்பது சட்டங்களின் நுனியை அறுத்து ஒட்டுச் சட்டம் சேர்த்தார், அவ்வளவுதான். உப்புக் காற்றில் இரும்பு முப்பது வருஷம் தாங்கவில்லை. இந்தப் பனை எத்தனையோ ஐப்பசியைப் பார்த்துவிட்டு இருக்கிறது. இன்றைக்கு நினைத்தாலும் இப்படி ஒரு மரத்தை வெட்டிச் சட்டம் எடுக்க முடியாது. பனை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும். அந்தக் கட்டுப்பாடு இருக்கத்தான் வேண்டும் என்பது என் எண்ணம். இருக்கிற சட்டத்தை இறக்கி விறகுக்கு விற்றுவிட்டு அந்த இடத்தில் கம்பி கட்டுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

சுவரும் அப்படித்தான். அடிப்பகுதி கடற்கல், மேலே செங்கல், பூச்சு சிப்பிச் சுண்ணாம்பு. கடற்கல் என்று நம் பக்கம் சொல்வது பவளப்பாறையை. அன்றைக்கு வீடு கட்ட வெட்டி எடுத்தார்கள். 2001இல் பவளங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள், இனி கடலில் கை வைக்கக் கூடாது. சுவரில் இருப்பதைக் காப்பாற்றி வைப்பது நம் பொறுப்பு.

ஈரம் ஏறி உப்புப் பூத்த இடத்தில் சிமெண்ட் பூசலாம் என்றார் கொத்தனார் அண்ணன். ஊரில் அப்படிப் பூசிய சுவர்களைக் கூட்டிப்போய்க் காட்டினேன். சிமெண்ட் பூச்சு ஈரத்தை வெளியே விடாது. உப்பு பின்னால் தேங்கி, பூச்சைப் பலகையாகத் தள்ளிவிடும். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும், உப்பு மேலே பூக்கும், பெருக்கித் தள்ளலாம். சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு பெரியவர் தொண்டிப் பக்கமிருந்து வந்தார். சுண்ணாம்பை நாள்கணக்கில் ஊறவிட்டு, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்துப் பூசினார். கூலி அதிகம்தான். ஓடு பாதிக்கு மேல் பழசே ஆனதால் மொத்தம் 45,000 என்று போட்டது 41,000இல் முடிந்தது.

ஜூலை 13

தள வேலை. ஆடிக் காற்று வருவதற்குள் கலவை போட்டு இறுகிவிட வேண்டும் என்று அவசரப்படுத்தினேன். ஆடிக் காற்றில் கலவை மேலே காய்ந்து வெடித்துவிடும்.

கொத்தி எடுத்ததும் தெரிந்தது, கம்பிக்கும் கீழ்ப் பூச்சுக்கும் நடுவே சில இடத்தில் விரல் அளவுகூடக் காங்கிரீட் இல்லை. கம்பிக்குக் கீழே முட்டுக்கொடுக்கும் கவர் பிளாக் அன்றைக்கு யாரும் வைக்கவில்லை. ஜல்லியை வைத்து ஒப்பேற்றியிருக்கிறார்கள். திண்ணைத் தூண் இரண்டும் விரிந்துபோயிருந்ததால் அதையும் புதிதாகப் போட வேண்டியதாயிற்று. கடலோரத்துக்கு 45 மி.மீ. கவர், அதாவது கம்பியை மூடி அவ்வளவு கனத்துக்குக் காங்கிரீட், வேண்டும் என்று அந்த ஐ.எஸ். 456இல் இருக்கிறது. அந்த அளவு கவர் பிளாக்கை ராமநாதபுரத்தில் வாங்கி வந்து கொடுத்தேன். கொத்தனார் அண்ணன், "இம்புட்டு எதுக்குத்தா, தூணு தடியாப் போகும்" என்றார். தடியாக இருக்கட்டும் என்றேன். ஒன்றும் பேசாமல் கட்டினார், அருமையாகவும் கட்டினார்.

சாக்கைச் சுற்றி, காலை, மதியம், மாலை நல்ல தண்ணீர். அத்தை தன் வேலையாக எடுத்துக்கொண்டார். வேறு யாரையும் தொட விடவில்லை.

ஆகஸ்ட் 3

ஆடிப் பெருக்கு. கணக்கும் பெருகித்தான் இருக்கிறது. தளத்துக்கு 1,05,000 என்று போட்டோம். தூணும் சேர்ந்து 1,21,000 ஆகிவிட்டது. கொத்தும்போது உள்ளே போன வயர் குழாய்கள் நொறுங்கிவிட்டன, வயரிங் புதிதாக 22,000. எதிர்பாராத செலவுக்கு என்று 29,000 ஒதுக்கியிருந்தேன், இரண்டும் சேர்ந்து அதைத் தாண்டிவிட்டன. வேலையை நிறுத்த முடியாது, வரப்பு ஓரத்துச் சீமைக்கருவேலத்தைக் கரிமூட்டம் போடுகிறவருக்குப் பேசினோம். 18,000 கிடைத்தது, நிலமும் சுத்தமாயிற்று.

இந்த வருமானத்தை முதலிலேயே பட்ஜெட்டில் சேர்க்காமல் விட்டுவைத்திருந்தது வேண்டுமென்றேதான். சிறு நிலம் வைத்திருப்பவர்களுக்கு விற்கக்கூடியது ஏதாவது நின்றுகொண்டிருக்கும். ஒரு வேலி மரம், ஒரு ஆடு. அதைக் காகிதத்தில் ஏற்றிவிட்டால் நெருக்கடிக்கு ஒன்றும் இருக்காது.

ஆகஸ்ட் 31

மழைநீர்த் தொட்டி. தரைக்கடியில் கட்டலாம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். இங்கே ஐந்தாறு அடி தோண்டினால் உவர்நீர். சிமெண்ட் தொட்டியில் வெடிப்பு விட்டால் கடல் உள்ளே வந்துவிடும், கம்பியும் மறுபடி துருப்பிடிக்கும். அதனால் 5,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி இரண்டை, செங்கல் மேடை கட்டித் தரைக்கு மேலே வைத்துவிட்டோம். குழாய், வடிகட்டி எல்லாம் சேர்த்து 93,000.

தளம் 480 சதுர அடி, ஏறக்குறைய 44 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை பெய்தால் ஒரு லிட்டர். வடகிழக்குப் பருவத்தில் 500 மி.மீ. கிடைத்தால் 22,000 லிட்டர், சிந்தியது போக 17,000க்குக் குறையாது. தொட்டிகள் இரண்டும் நிரம்ப அது போதும். குடிக்க, சமைக்க நாளுக்கு மூன்று குடம் வாங்குகிறோம், குடம் 12 ரூபாய். குடத்துக்கு 15 லிட்டர் என்றால் 10,000 லிட்டர் ஏழு மாசம் வரும். வருஷத்துக்கு 8,000 ரூபாய் மிச்சம். போட்ட காசு திரும்ப 11 வருஷத்துக்கு மேல் ஆகும், அது எனக்குத் தெரியும். சித்திரை வெயிலில் தண்ணீர் வண்டி வராத நாளில் அத்தை குடத்தைத் தூக்கிக்கொண்டு ஊருணிக்கு நடப்பதை இந்தக் கணக்கில் எந்த வரியில் எழுதுவது?

செப்டம்பர் 24

22ஆம் தேதி முதல் சிமெண்டுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. "கொஞ்சம் பொறுத்திருந்தா லாபமாச்சே" என்று பக்கத்து வீட்டு அண்ணன் வருத்தப்பட்டார். எங்களுக்கு ஆன சிமெண்டில் மிச்சம் சில நூறு ரூபாய்தான் வந்திருக்கும். அதற்காகத் தளத்தைப் புரட்டாசிக்குத் தள்ளியிருந்தால் கலவை இறுகும் முன்னே மழை பிடித்திருக்கும். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரும், தண்ணீர் வழியும் பக்கம் சரிவும் மட்டும் பாக்கி இருந்தன. அவற்றைக் குறைந்த விலையில் முடித்துக்கொண்டோம், 6,500.

அக்டோபர் 5

விதைப்பு முடிந்தது. வெள்ளாமைச் செலவுக்கு அத்தை 40,000 ரூபாயையும் அதுவரை முடிச்சு அவிழ்க்காமல் வைத்திருந்து அப்படியே எடுத்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தது 2,87,000. போனது 2,83,500. கையில் 3,500 இருக்கிறது. அதை முதல் தவணையாக வைத்து, புதுத் தளத்துக்கென்று அஞ்சலகத்தில் தனிக் கணக்கு ஒன்று தொடங்கியிருக்கிறேன். நெல்லிலும் மிளகாயிலும் ஆட்டிலும் எது விற்றாலும் பத்தில் ஒரு பங்கு அதில் போடுவது என்று வீட்டில் பேசி முடிவாகிவிட்டது. நாத்தனாரும் டைல்ஸ் வாங்க வைத்திருந்த காசில் 5,000 அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.

இன்ஜினீயர் தம்பி சாக்பீஸால் போட்ட வட்டங்களை எல்லாம் பெரியவன் ஒரு தாளில் படமாக வரைந்து வைத்திருக்கிறான். வருஷாவருஷம் சித்திரையில் சுத்தியலால் தட்டிப் பார்த்து, புதிதாகப் பொத்தென்று கேட்கிற இடத்தை அதிலேயே குறித்து வைக்க வேண்டும்.