யாரைப் பார்த்து வளர்வது

பெங்களூரில் ஐ.டி. வேலை பார்ப்பவர்களிடம் உங்கள் முன்மாதிரி யார் என்று கேட்டால், கம்பெனி ஆரம்பித்துப் பெரிய பணம் பார்த்த யாராவது ஒருவர் பெயர்தான் பெரும்பாலும் வருகிறது. தமிழ் வீடுகளில் கேட்டால் அப்துல் கலாம். கலாம் என்பதில் எனக்கு மறுப்பே கிடையாது, ஆனால் அவரிடம் என்ன பிடிக்கும் என்று அடுத்த கேள்வி கேட்டால் ஏவுகணை, குடியரசுத் தலைவர் என்று அதோடு நின்றுவிடுகிறார்கள். பதவியைப் பார்த்து வியந்தால் நாம் எடுத்துக்கொள்ள அதில் என்ன இருக்கிறது? 1979 ஆகஸ்டில் எஸ்.எல்.வி.-3 ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. திட்டத்துக்குப் பொறுப்பு கலாம், ஆனால் பத்திரிகையாளர்கள் முன்னால் உட்கார்ந்து பழியை ஏற்றுக்கொண்டவர் அன்றைய இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். அடுத்த வருஷம் ஜூலையில் ராக்கெட் சரியாகப் போனபோது கலாமைப் பேசச் சொல்லிவிட்டு அவர் ஒதுங்கிக்கொண்டார். கலாம் இதைக் கடைசிவரை மேடை மேடையாகச் சொன்னார். நாலு பேர் உள்ள டீமுக்கு லீடாக இருப்பவர்கூட நாளைக்கே இதைச் செய்யலாம், மனசு மட்டும் வேண்டும். ஒருவரைப் பற்றிப் படிக்கும்போது நான் தேடுவது இந்த மாதிரி ஒரு செயலைத்தான்.

எங்கள் குடும்பம் கோலார் தங்கவயல். அதனால் மனித மலத்தை மனிதன் அள்ளும் கொடுமையை எதிர்த்துப் போராடுகிற பெஜவாடா வில்சன்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருவார். 1966-இல் அங்கே பிறந்தவர். சுரங்கக் குடியிருப்பின் எடுப்புக் கக்கூஸ்களில் மலம் அள்ளும் வேலைதான் அவர் வீட்டுப் பெரியவர்களுக்கு. பிள்ளைக்குத் தெரியக் கூடாது என்று மறைத்து வைத்திருந்தார்கள். வளர்ந்தபிறகு ஒருநாள் அந்த வேலை நடக்கிற இடத்துக்கே போய்ப் பார்த்திருக்கிறார். ஒருவருடைய வாளி குழிக்குள் விழுந்துவிட, அந்த மனிதர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே கையை விட்டிருக்கிறார். வில்சன் அங்கேயே உடைந்து அழுததாகச் சொல்லியிருக்கிறார்.

அழுதது பெரிய விஷயமில்லை, அதைப் பார்த்தால் யாரும் அழுவார்கள். அதற்குப் பிறகு அவர் உட்கார்ந்து கடிதம் எழுதினார் பாருங்கள், அதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. சுரங்க நிர்வாகத்துக்கு எழுதினார், அப்படி ஒன்று இங்கே இல்லவே இல்லை என்றார்கள். கக்கூஸ்களைப் போட்டோ எடுத்தார், பிரதமர் வரைக்கும் எழுதினார், மலம் அள்ள ஆள் வைப்பதற்கு 1993-இல் தடைச் சட்டம் வந்துவிட்டதே, வழக்குப் போடுவேன் என்றார். கடைசியில் எடுப்புக் கக்கூஸ்களை மாற்றி, அள்ளியவர்களுக்கு வேறு வேலை கொடுக்கவேண்டி வந்தது. சஃபாய் கர்மசாரி அந்தோலன் என்று அவர் சிலரோடு சேர்ந்து தொடங்கிய துப்புரவுத் தொழிலாளர் இயக்கம், 2003-இல் உச்ச நீதிமன்றத்தில் போட்ட வழக்கு, 2014-இல் வந்த தீர்ப்பு, 2016-இன் மக்சேசே விருது எல்லாம் இருக்கிறது, சரி. எனக்கு அந்த ஆரம்பக் கடிதங்கள்தான் முக்கியம், ஏனென்றால் அப்போது அவரை யாருக்கும் தெரியாது, கைதட்ட ஆளில்லை.

எங்கள் பெரியப்பாவும் எழுதுகிறவர்தான். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். அதற்கப்புறம் தங்கவயலில் பாதிப் பேருக்கு வாழ்க்கையே மாரிக்குப்பம் ரயில் என்றாகிவிட்டது, விடியற்காலையில் ஏறிப் பெங்களூருக்கு வந்து, வாட்ச்மேன் வேலையோ கட்டட வேலையோ பார்த்துவிட்டு ராத்திரி திரும்புவது. அந்த ரயிலில்தான் பெரியப்பா மனு எழுதுவார். மடியில் பரீட்சை அட்டை, நடுவில் கார்பன் பேப்பர், பக்கத்தில் யாராவது ஒருவர் தனக்கு வரவேண்டிய பாக்கிப் பணத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வருவார். பங்காருப்பேட்டை தாண்டினால் கூட்டம் நெருக்கும், அப்போதும் எழுத்து நிற்காது. எழுதி முடித்ததும் முழுசாக வாசித்துக் காட்டுவார். கேட்கிறவர் முகம் கொஞ்சம் சுருங்கினால், "என்னண்ணே, நீங்க சொன்னது இது இல்லையா?" என்று கேட்டு அந்த வரியை அடித்துவிட்டுத் திருப்பி எழுதுவார். கையெழுத்துப் போடுகிறவருக்குத் தன் மனுவில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் அவர் ஒரு மனுவையும் கொடுக்க விட்டதில்லை. டீக்குக்கூடக் காசு வாங்கமாட்டார். அவரும் வேலை போனவர்தான், அவருக்கும் பாக்கி வரவேண்டியிருந்தது.

பெரியப்பாவை வில்சன் பக்கத்தில் வைத்துப் பேசுவது சிலருக்கு அதிகமாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை. இருவரிடமும் நான் எடுத்துக்கொள்வது ஒன்றேதான்: கைதட்ட ஆளில்லாதபோதும் உட்கார்ந்து எழுதியது. அப்புறம் ஒருவரைப் பிடித்துவிட்டது என்பதற்காக அவர் சொல்வதையெல்லாம் தலையாட்டிக் கேட்கவேண்டியதும் இல்லை. பெரியப்பாவின் அரசியல் பேச்சில் பாதி எனக்கு ஒத்துவராது, வீட்டிலேயே சண்டை வரும். அதனால் அந்த மனுக்களின் மதிப்பு குறைந்துவிடவில்லை.

போன வருஷம் எங்கள் கே.ஆர்.புரம் அபார்ட்மெண்டில் கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் தொட்டியைக் கழுவ வேண்டும் என்று அசோசியேஷன் மீட்டிங்கில் பேச்சு வந்தது. உள்ளே இறங்கப்போவது யார் என்று கேட்டேன். காண்ட்ராக்டர் பார்த்துக்கொள்வார் என்றார்கள். ஆளை இறக்கினால் விஷவாயுவில் உயிர் போகும், கவசம் இல்லாமல் இறக்குவது 2013-ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம், வேலை கொடுத்தவர்கள் என்ற முறையில் நாமும் பதில் சொல்லவேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதி, மீட்டிங்கில் நிதானமாக வாசித்தேன். கழுவ வருகிற பையன்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, அவர்களுக்குப் புரிகிற மொழியிலும் சொன்னேன். ஒருவன், உள்ளே இறங்க மாட்டேன் என்று சொன்னால் காண்ட்ராக்டர் அன்றைய கூலியைத் தரமாட்டார், அதையும் சேர்த்து எழுதுங்கள் என்றான். எழுதினேன். இப்போது ஒப்பந்தத்தில் இரண்டும் இருக்கிறது: மெஷின்தான் வரவேண்டும், ஆள் இறங்கக் கூடாது என்பது ஒன்று, மாட்டேன் என்று சொன்னவன் கூலியைப் பிடிக்கக் கூடாது என்பது இன்னொன்று.