வலக்கண்ணுக்கு ஒன்று, இடக்கண்ணுக்கு இரண்டு

ஆத்தங்குடியில் உள்ள எங்கள் டைல்ஸ் பட்டறையில், கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து வண்ணக் கலவையை ஊற்றும்போது கோடுகளுக்குப் பக்கத்தில் நிழல் விழுவதுபோல் எனக்குத் தெரியத் தொடங்கியது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாலும் ஒரு கோடு இரண்டாகவே தெரிந்தது. கண்ணாடிக் கடையில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிலிண்டர் பவரை (கருவிழி வளைவின் சீரின்மையை ஈடுசெய்யும் பவர்) மாற்றிக் கொடுத்தார்களே தவிர, அது ஏன் மாறிக்கொண்டே போகிறது என்று ஒருவரும் சொல்லவில்லை.

23 வயதில், லேசிக் எனும் லேசர் சிகிச்சை செய்து கண்ணாடியையே விட்டுவிடலாம் என்று மதுரைக்குப் போனேன். கருவிழியின் (கண்ணின் முன்புறமுள்ள தெளிவான படலம், கார்னியா) மேடுபள்ளங்களைப் படமாக எடுக்கும் டோபோகிராஃபி ஸ்கேனில்தான் கெரட்டோகோனஸ் என்று தெரியவந்தது. கருவிழி மெலிந்து கூம்புபோல் முன்னால் தள்ளிக்கொண்டு வரும் நோய் இது. லேசிக்கில் கருவிழியில் மடல் வெட்டுவார்கள் என்பதால், ஏற்கெனவே வலுக்குறைந்த கருவிழி மேலும் தளர்ந்துவிடும். அந்த ஸ்கேன் எடுக்காமல் எவரும் லேசிக்குக்குச் சம்மதிக்கக் கூடாது என்பதை இங்கேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன்.

கண்ணைக் கசக்குவது இந்நோயைத் தீவிரமாக்கும் என்பதால், மருத்துவர் முதலில் கேட்டது, "தம்பி, கண்ணைக் கசக்குவீர்களா?" என்றுதான். சிமெண்டுத் தூசியும் கண் அரிப்பும் சேர்ந்து, சிறுவயதிலிருந்தே நான் கசக்கிக்கொண்டுதான் இருந்தேன்.

நோய் மேலும் முற்றாமல் நிறுத்துவதற்குக் கிராஸ்லிங்கிங் சிகிச்சை. ரைபோஃப்ளேவின் எனப்படும் வைட்டமின் பி2 சொட்டுமருந்தைக் கருவிழியில் ஊறவிட்டு, அதன்மேல் புற ஊதா ஒளியைச் செலுத்தினால், கருவிழியின் கொலாஜன் எனும் புரத இழைகளுக்கிடையே புதிய பிணைப்புகள் உண்டாகி அது இறுகுகிறது. ஆனால் இறுகுவதால் மட்டும் மேடுபள்ளம் சீராகிவிடாது. அதற்காகத்தான், டோபோகிராஃபி படத்தின்படி லேசரால் கருவிழியின் மேற்பரப்பைச் சிறிதளவு செதுக்கி, அதே அமர்வில் கிராஸ்லிங்கிங்கும் செய்கிறார்கள். கிரேக்க மருத்துவர் கனெலோபோலஸ் வகுத்த இம்முறையை ஏதென்ஸ் புரோட்டோகால் என்கிறார்கள். செதுக்கும் ஆழம் பொதுவாக 50 மைக்ரானை (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தாண்டாதபடி பார்த்துக்கொள்கிறார்கள். இந்த லேசர் கண்ணாடியைக் கழற்றுவதற்கானதல்ல, கண்ணாடி போட்டால் தெளிவாகத் தெரியும்படி கருவிழியைச் சீராக்குவதற்கானது என்பதை மனம் ஏற்க எனக்குச் சில வாரங்கள் பிடித்தன.

என் இடக்கருவிழியின் மிக மெலிந்த இடம் 498 மைக்ரான், வலக்கண்ணில் 418. சிகிச்சைக்காகக் கருவிழியின் மேல்தோலை நீக்கினால் சுமார் 50 மைக்ரான் குறையும். புற ஊதா ஒளி உட்பகுதியைத் தாக்காமலிருக்க, தோல் நீக்கிய பின்பும் 400 மைக்ரானாவது இருப்பது நல்லது. எனவே இடக்கண்ணுக்கு லேசரும் கிராஸ்லிங்கிங்கும், வலக்கண்ணுக்குக் கருவிழியைச் சற்று உப்பச் செய்யும் சொட்டுமருந்துடன் கிராஸ்லிங்கிங் மட்டும் என்று முடிவாயிற்று. வலக்கண்ணுக்கும் லேசர் வேண்டுமென்று நான் வற்புறுத்தினேன், மருத்துவர் இசையவில்லை. அவர் செய்தது சரியென்று இன்று உணர்கிறேன்.

இடக்கண்ணுக்கு முதலில் செய்தார்கள். மரத்துப்போகும் சொட்டுமருந்து விட்டதால் வலியில்லை. லேசர் ஓடியது சில விநாடிகளே. முடி கருகுவது போன்ற வாசம் வந்தது. அதன்பின் மஞ்சள் நிற ரைபோஃப்ளேவின் சொட்டுமருந்தை விட்டு விட்டு ஊறவைத்து, நீல ஒளியைப் பார்த்தபடி அசையாமல் படுத்திருக்க வேண்டியிருந்தது. இறுதியில், தோல் வளரும்வரை கண்ணைக் காக்கும் பாண்டேஜ் கான்டாக்ட் லென்ஸ் வைத்து அனுப்பினார்கள்.

உண்மையான வேதனை அன்று இரவுதான். மண்ணை அள்ளிப் போட்டதுபோல் கண் எரிந்தது. நீர் வடிந்துகொண்டே இருந்தது. எங்கள் வீட்டில் வளவின் (நடுமுற்றத்தின்) வெளிச்சம் பளிங்குபோன்ற தரையில் பட்டுத் தெறிக்கும் என்பதால், மூன்று நாட்கள் உள்ளறையிலேயே கதவைச் சாத்திக் கிடந்தேன். அப்பத்தா நந்தியாவட்டைப் பூவை நனைத்துக் கண்ணில் ஒற்ற எடுத்து வந்தார்கள். லென்ஸ் இருக்கும் கண்ணில் எதுவும் படக்கூடாது என்று கெஞ்சித் தடுத்தேன். "அப்படியானால் கையையாவது கண்கிட்டக் கொண்டுபோகாதே அப்பு" என்று இரவெல்லாம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். ஐந்தாம் நாள், தோல் வளர்ந்துவிட்டது என்று லென்ஸை எடுத்தார்கள்.

ஸ்டீராய்டு சொட்டுமருந்தைக் குறைத்துக் குறைத்துப் பல வாரங்கள் விட்டேன். முதல் மாதங்களில் பார்வை முன்னைவிட மங்கலாக இருந்ததால் அஞ்சினேன். கருவிழியில் ஏற்படும் மெல்லிய மூட்டம் காரணம், மெதுவாகக் குறையும் என்றார்கள். ஆறாம் மாதத்தில் கண்ணாடியுடன் இடக்கண் 6/9 வரிசையைப் படித்தது (இயல்பான பார்வை 6/6). வலக்கண்ணில் நிழல் இன்னும் உண்டு. அதற்குக் கடினவகை கான்டாக்ட் லென்ஸ் பழகிவருகிறேன். ஓராண்டு ஸ்கேனில் இரண்டு கண்களிலும் கூம்பு கூடவில்லை.

இந்நோய் குடும்பத்தில் பிறருக்கும் வரக்கூடும் என்பதால், எந்நேரமும் கண்ணைக் கசக்கும் 14 வயதுத் தம்பியை இந்தக் கோடை விடுமுறையில் மதுரைக்கு ஸ்கேனுக்கு அழைத்துப் போகிறேன்.