பனாட்டுப் பாய்

ஓகஸ்ட் 13, புதன்

தம்பி வெள்ளி பின்னேரம் வெளிக்கிடுறானாம். கம்பஸ் பெடியள் பெட்டையள் பதினொரு பேர், ஒரு வாடகை வான். மெல்பேர்னிலை இருந்து கடற்கரையாலை போற ரோட்டு. "அம்மாவுக்கு மலை பாக்கப் போறன் எண்டு சொல்லு அக்கா." சொல்லீட்டன்.

ஓகஸ்ட் 14

மழை இல்லை. பனங்களியைப் பாயிலை காயவைக்கிற பனாட்டுக்கு நல்லது, கிணத்துக்கு இல்லை.

ஓகஸ்ட் 15, வெள்ளி, இரவு

நித்திரை வரேல்லை. அந்த ரோட்டைத் தேடி வாசிச்சன். கிரேட் ஓஷன் ரோட், 243 கிலோமீற்றர். முதலாம் உலக யுத்தத்தாலை திரும்பி வந்த ஆமிக்காரர் 1919இலை துவங்கி 1932இலை முடிச்சது. பிக்கானும் மண்வெட்டியும்தான். தங்களோடை போய்ச் செத்தவைக்கு நினைவா ஒரு ரோட்டு. எனக்கு அது பிடிச்சிருக்கு. பரந்தன் முல்லைத்தீவு ரோட்டு ஞாபகம் வந்தது. போனை வைச்சிட்டன்.

திரும்ப எடுத்தன். லொக் ஆர்ட் எண்டு ஒரு கப்பல், 1878இலை அந்தக் கரையிலை உடைஞ்சது. 54 பேர். தப்பினது ரெண்டு பேர். உதை வாசிச்சிருக்கக் கூடாது.

அவனுக்கு நீந்தத் தெரியாது.

ஓகஸ்ட் 16, சனி

விடிய 5.10. "எழும்பீட்டன்" எண்டு ஒரு மெசேஜ். அங்கை ஒன்பது நாப்பது.

மத்தியானம். ஒரு படமும் வரேல்லை. காட்டுக்குள்ளாலை போகேக்கை சிக்னல் இராது எண்டு முந்தியே சொன்னவன்தான். அம்மா முத்தத்திலை பனம்பழம் பினையிறா. தோலை உரிச்சு, கொஞ்சம் தண்ணி தெளிச்சு, தும்பு வெள்ளையாய் வரும் வரைக்கும் பினைஞ்சு, களியை வடிச்சுப் பாயிலை பூசுறது. காய, அதுக்கு மேலை திரும்பப் பூசுறது. முழங்கை மட்டும் செம்மஞ்சள். "மலையிலை குளிராம், தொப்பி கொண்டு போனவனோ?" எண்டு கேட்டா. ஓம் எண்டன். பொய்க்கு மேலை பொய் பூசுறன்.

அந்த மார்கழிக்குப் பிறகு அம்மா எங்களைச் சிலாவத்தைப் பக்கம்கூட விடேல்லை. 2004இலை தம்பிக்கு ஒரு வயசு. கடல் மட்டுமில்லை, குளமும் இல்லை. முத்தையன்கட்டுக் குளத்திலை ஊர்ப் பெடியள் எல்லாம் குதிக்கேக்கை இவன் குளக்கட்டிலை இருந்து சேட்டுகளுக்குக் காவல்.

இரவு. இன்னும் இல்லை. அங்கை நடுச்சாமம் தாண்டீட்டுது.

இன்னும் இல்லை.

ஓகஸ்ட் 17, ஞாயிறு

படங்கள் 23! சாஜர் முடிஞ்சதாம். நல்லாப் பேசினன். சிரிக்கிறான், மாடு.

பன்னிரண்டு அப்போஸ்தலர் எண்டு கடலுக்குள்ளை நிக்கிற பாறையள். ஒருநாளும் பன்னிரண்டு இருந்ததில்லையாம். 2005இலை ஒண்டு இடிஞ்சு விழ மிச்சம் எட்டு. கொஞ்சம் தள்ளி, பாலம் மாதிரி நிண்ட பாறை 1990 தை மாசம் விழேக்கை அங்காலைப் பக்கம் ரெண்டு பேர் நிண்டவை, ஹெலி வந்துதான் எடுத்தது. எனக்கேன் இதெல்லாம் பாடமாய் இருக்கு? படத்திலை ஆக்களையும் எண்ணினன். பத்து. பிறகுதான் யோசிச்சன், படம் எடுத்தவன் ஒருத்தன் இருப்பான்.

அம்மா பின்னாலை வந்து நிண்டதைக் கவனிக்கேல்லை. போனை மறைக்க நேரமில்லை. கன நேரம் பாத்தா. பாறையைக் காட்டி, "பனாட்டை வெட்டி நிமித்தி வைச்ச மாதிரிக் கிடக்கு" எண்டா. உண்மைதான், சுண்ணாம்புக்கல்லு, அடுக்கடுக்காய்க் கோடு.

அதுக்குப் பிறகு விரலாலை தொடாமல், கொஞ்சம் தள்ளிப் பிடிச்சு, "காற்சட்டை முழங்கால் மட்டும் நனைஞ்சிருக்கு" எண்டா. போய்க் கை கழுவினா. கழுவிக்கொண்டே இருந்தா.

ஓகஸ்ட் 18

அம்மா தம்பியோடை கதைக்கேல்லை. போனை நீட்டினன், கை பிசுக்கு எண்டா.

ஓகஸ்ட் 19, செவ்வாய்

ஏழாம் பூச்சு. சோளகம் அடிக்குது, பாயிலை புழுதி. நாலு மூலைக்கும் கல்லு வைச்சம். அம்மா குனிஞ்சபடி கேட்டா, "அது எந்தக் கடல்?"

தென் சமுத்திரம் எண்டன்.

"இஞ்சத்தைத் தண்ணி அங்கை போகுமே?"

காகம் ரெண்டு பாயிலை இறங்கீட்டுது, கலைக்க ஓடினன்.