வண்டியை ஆளுக்கு ஏற்றபடி மாற்றுவது

மாற்றுத்திறனாளிகளுக்காக சைக்கிள் பயிற்சி நிலையம் தொடங்கப்போகிறோம் என்று சொன்னபோது அநேகமாக எல்லோரும் கேட்டது, "அவர்களால் ஓட்ட முடியுமா?" என்பதைத்தான். அந்தச் சந்தேகத்தை வண்டியின்மீது வைத்திருக்க வேண்டும், ஆட்களின்மீது அல்ல. கால்கள் செயலிழந்த ஸ்டெஃபான் ஃபார்ஃப்ளர் என்ற ஜெர்மானியக் கடிகாரத் தொழிலாளி, 1655ஆம் ஆண்டிலேயே கைகளால் சுழற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியைத் தனக்காகச் செய்துகொண்டார். இன்றைய சைக்கிளுக்கு முன்னோடியான இரண்டு சக்கர வண்டியை கார்ல் டிரைஸ் என்ற ஜெர்மானியர் ஓட்டிக் காட்டியது 1817இல். கையால் ஓட்டும் வண்டிதான் மூத்தது.

எங்களிடம் இருப்பவை பல வகை. கைகளால் சுழற்றுபவை, சாய்ந்து உட்கார்ந்து மிதிப்பவை, பார்வையற்றவர் பின்னிருக்கையில் மிதிக்க முன்னிருப்பவர் திருப்பும் இருவர் சைக்கிள், இருவர் அருகருகே அமர்ந்து பேசிக்கொண்டே போகும் வண்டி, சக்கர நாற்காலியை அப்படியே ஏற்றிக்கொள்ளும் வண்டி. ஆனால் வண்டிகளை வாங்கி வைப்பதோடு வேலை முடிவதில்லை. பக்கவாதத்தால் ஒரு கை செயலிழந்தவருக்கு முன், பின் பிரேக் இரண்டையும் ஒரே பிடியில் இணைக்க வேண்டும். கால் பெடலிலிருந்து நழுவுபவருக்குக் குதிகாலைத் தாங்கும் பெடலும் பட்டையும் தேவை. முழங்கால் முழுதாக மடங்காதவருக்கு பெடல் தண்டின் நீளத்தைக் குறைக்கிறோம். முதுகுத்தண்டு காயத்தால் இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லாதவருக்கு இருக்கை உறுத்துவதே தெரியாது. அதனால் மெத்தையையும் உட்காரும் நேரத்தையும் நாங்கள்தான் கவனித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அழுத்தப் புண் வந்துவிடும். முதல்முறை வருபவருக்கு, ஓட்டும் நேரத்தைவிட இந்தச் சரிசெய்தலுக்கே அதிக நேரம் போகிறது.

முன்பு இரண்டு சக்கர சைக்கிள் நன்றாக ஓட்டியவர்கள்தான் மூன்று சக்கரத்தில் மிகவும் தடுமாறுகிறார்கள். இரண்டு சக்கரத்தில் உடலைச் சாய்த்துச் சமநிலை பிடித்துப் பழகிய மூளை, சாயவே சாயாத வண்டியிலும் அதையே செய்யப் பார்க்கிறது. சாலையின் நடுப்பகுதி சற்று உயர்ந்திருப்பதால் வண்டி ஓரம் நோக்கி இழுக்கும்போது, ஹேண்டில் பாரைத் திருப்பாமல் உடலை வளைக்கிறார்கள். நோய்க்கு முன் தினமும் சைக்கிளில் போனவர், "இதுகூட மறந்துவிட்டதே" என்று கண் கலங்குவதை நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் எதையும் மறக்கவில்லை, நினைவில் இருப்பதுதான் தடுக்கிறது என்று அவரிடம் விளக்குவது என் வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சைக்கிளே ஏறியிராத சிறுவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

உடல் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று வெளியிலிருந்து தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. பார்க்கின்சன் நோயால் சில அடிகள் வைப்பதற்குள் கால் உறைந்து நின்றுவிடும் 58 வயதுக்காரர் ஒருவர் சைக்கிளை இயல்பாக ஓட்டினார் என்று நெதர்லாந்து மருத்துவர்கள் 2010இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் எழுதினார்கள். இறங்கிய உடனே கால்கள் மறுபடி உறைந்தன. ஆகவே வருகிறவரிடம் நாங்கள் நோயின் பெயரோடு தொடங்குவதில்லை, எங்கே போக விரும்புகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறோம்.

இனி பணம். இலவசமாக நடத்தச் சொன்னவர்கள் உண்டு. நாங்கள் சிறிய கட்டணம் வைத்தோம், முடியாதவர்களுக்கு விலக்கும் வைத்தோம். பணம் கொடுத்து வருபவர், "இந்த இருக்கை சரியில்லை, மாற்றுங்கள்" என்று தயங்காமல் சொல்கிறார். அந்தக் குரல் எங்களுக்கு வேண்டும். ஆனால் கட்டணம் செலவில் ஒரு பகுதியைத்தான் ஈடுகட்டுகிறது. இந்த வண்டிகள் சாதாரண சைக்கிளைவிடப் பல மடங்கு விலை. காப்பீடு, உதிரி பாகங்கள், பயிற்சியாளர் சம்பளம் எல்லாம் சேர்ந்தால் நன்கொடை இல்லாமல் நடத்த முடியாது. நன்கொடையாளர்கள் கேட்பதோ தலைக்கணக்கு: எத்தனை பேர் ஓட்டினார்கள்? ஆளுக்குச் சில நிமிடம் வட்டமடிக்க வைத்துப் படம் எடுத்தால் அந்த எண் எளிதாக ஏறும். அப்படிச் செய்யச் சொன்ன ஒரு நிதியை நாங்கள் மறுத்தோம். அவசரத்தில் பட்டையைத் தவறாகக் கட்டினால் காயப்படுபவர் ஓட்டுபவர்தான். ஒருவர் முதல்முறைக்குப் பிறகு திரும்பி வந்தாரா, துணையில்லாமல் எவ்வளவு தூரம் போகிறார் என்பதையே எங்கள் அறிக்கைகளில் எழுதுகிறோம். அதைப் படித்துவிட்டு உதவுபவர்கள் குறைவுதான், ஆனால் நீடிக்கிறார்கள்.

எங்கள் திடலுக்குள் ஓட்டக் கற்றவர் வாசலைத் தாண்டியதும் நின்றுவிடுகிறார். பைக் நுழையக் கூடாது என்று சைக்கிள் பாதையின் முகப்பில் நடப்பட்ட கம்பங்களுக்கு நடுவே மூன்று சக்கரம் நுழைவதில்லை. பிரிட்டனின் 2020ஆம் ஆண்டு சைக்கிள் பாதை வழிகாட்டி, கம்பங்களுக்கு இடையே குறைந்தது 1.5 மீட்டர் இடைவெளி கேட்கிறது. 2.8 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் கொண்ட சைக்கிளை மனத்தில் வைத்துப் பாதையை வடிவமைக்கவும் சொல்கிறது. அந்த அளவுகளை எழுதி எடுத்துக்கொண்டு, எங்களிடம் கற்றவர்களோடு சாலைப் பொறியாளர்களைச் சந்திக்கப் போகிறோம். பேசப்போவது ஓட்டக் கற்றவர்கள்தான்.