ஃபோர்ட் பெண்ட் கவுண்டியில் ஒரு வீட்டின் பதிவேடுகளைத் தேடிய அனுபவம்

ஹியூஸ்டனுக்கு மேற்கே கேட்டி பகுதியில் வீடு வாங்குவது என்று முடிவானதும், ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே, அந்த வீட்டைப் பற்றி அரசு அலுவலகங்களில் இருக்கும் பதிவேடுகளை நாங்களே ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று நானும் என் கணவரும் தீர்மானித்தோம். அதற்கெல்லாம் சொத்தின் உரிமையைச் சரிபார்த்துத் தரும் டைட்டில் கம்பெனி இருக்கிறதே என்று நண்பர்கள் சொன்னார்கள். இருக்கிறதுதான். ஆனால் அது தன் வேலையைத் தொடங்குவது ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு. அது தேடுவதும் உரிமையில் உள்ள குறைகளை மட்டுமே. அந்த வீட்டில் தண்ணீர் ஏறுமா, அடுத்த ஆண்டு வரி எவ்வளவு ஆகும் என்பதையெல்லாம் நமக்காக யோசித்துச் சொல்வது அதன் பொறுப்பன்று.

தமிழ்நாட்டில் வீடோ மனையோ வாங்கியவர்களுக்குச் சார்பதிவாளர் அலுவலகமும் வில்லங்கச் சான்றிதழும் பழக்கமானவை. சர்வே எண்ணைக் கொடுத்தால் இத்தனை ஆண்டுகளுக்கான பரிமாற்றங்கள் என்று ஒரே தாளில் வந்துவிடும். டெக்சாஸில் அப்படி அரசே தொகுத்துத் தரும் சான்றிதழ் கிடையாது. ஒரே வீட்டின் மதிப்பு ஓர் அலுவலகத்தில், பத்திரம் இன்னொன்றில், வரி மூன்றாவதில், வழக்குகள் நான்காவதில் எனச் சிதறிக் கிடக்கும். அவற்றைச் சேர்த்துப் படிப்பது பார்ப்பவரின் வேலை. அதற்கு ஈடாக, கவுண்டியின், அதாவது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவின், பதிவேடு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. நீங்கள் யார், எதற்காகப் பார்க்கிறீர்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை.

முதலில் எந்தக் கவுண்டி என்பதையே உறுதி செய்துகொள்ள வேண்டியிருந்தது. டெக்சாஸில் 254 கவுண்டிகள் உள்ளன. கேட்டி நகரம் ஹாரிஸ், ஃபோர்ட் பெண்ட், வாலர் ஆகிய மூன்றிலும் பரவிக் கிடக்கிறது. அஞ்சல் முகவரியில் ‘கேட்டி’ என்று இருப்பதை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. தெருவுக்கு இந்தப் பக்கம் ஒரு கவுண்டி, அந்தப் பக்கம் வேறொன்று என்றுகூட இருக்கலாம். நாங்கள் பார்த்த வீடு ஃபோர்ட் பெண்டில் இருந்தது. முகவரியைக் கூகுளில் இட்டால் முதலில் வந்து நிற்பவை கட்டணம் கேட்கும் தனியார் தளங்கள். அவற்றைக் கடந்து, அரசின் சொந்தத் தளங்களுக்கு நேரடியாகச் செல்வதே நல்லது.

தொடங்க வேண்டிய இடம் மதிப்பீட்டு மாவட்டம், அதாவது அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட். இது கவுண்டி நிர்வாகத்தின் ஒரு பிரிவு அன்று. சொத்து வரிக்காக மதிப்பு நிர்ணயிக்கவே அமைந்த தனி அமைப்பு. அதன் தளத்தில் முகவரியை இட்டதும் உரிமையாளர் பெயர், சொத்தின் அடையாள எண், ஜனவரி 1 நிலவரப்படியான சந்தை மதிப்பு, கட்டப்பட்ட ஆண்டு, பரப்பளவு ஆகியவை வந்துவிடும். குடியிருப்புகளின் புகைப்படத்தையும் உள் வரைபடத்தையும் இணையத்தில் இடுவதற்கு மாநிலச் சட்டத்தில் தடை இருப்பதால் அவை கிடைக்கமாட்டா. நான் கவனமாகக் குறித்துக்கொண்டவை இரண்டு. ஒன்று, சொத்தின் சட்ட விவரணை: மனைப்பிரிவின் பெயர், செக்‌ஷன், பிளாக், மனை எண். மற்றொன்று, கைமாறிய வரலாற்றின் கீழ் தரப்பட்டிருக்கும் பத்திர எண்கள். இந்த இரண்டும் இல்லாமல் அடுத்த அலுவலகத்தில் எதையும் உருப்படியாகத் தேட முடியாது.

வரியைப் பற்றி இங்கேயே ஒன்று சொல்லிவிட வேண்டும். சொந்தக் குடியிருப்புக்கான ஹோம்ஸ்டெட் விலக்கு பெற்ற வீட்டின் வரிக்குரிய மதிப்பை ஓர் ஆண்டில் 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்தக் கூடாது என்பது டெக்சாஸ் சட்டம். பல ஆண்டுகள் குடியிருந்த ஒருவருக்குச் சந்தை மதிப்புக்கும் வரிக்குரிய மதிப்புக்கும் இடையே பெரிய இடைவெளி உண்டாகியிருக்கும். வீடு கைமாறியதும் அந்த உச்சவரம்பு மறைந்து, அடுத்த ஜனவரியில் மதிப்பு முழுமையாக மேலேறிவிடும். விளம்பரத்தில் ‘சென்ற ஆண்டு வரி இவ்வளவு’ என்று காட்டப்படும் தொகை விற்பவருடையது, நம்முடையது அன்று. மதிப்பீட்டுத் தளத்தில் இரண்டு மதிப்புகளும் தனித்தனியே அச்சாகியிருப்பதால், நாம் கட்டப்போகும் தொகையை ஒரு தாளில் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது கவுண்டி கிளார்க். நிலம் தொடர்பான எல்லாப் பத்திரங்களும் பதிவாவது இவரிடம்தான். ஃபோர்ட் பெண்டில் அலுவலகம் கவுண்டியின் தலைநகரான ரிச்மண்டில் இருக்கிறது. இணையத்திலேயே தேடலாம், ஆனால் அட்டவணை அமைந்திருப்பது முகவரியை வைத்தல்ல, கொடுத்தவர் பெயர், பெற்றவர் பெயர் என்ற முறையில். நம்மவர் பெயர்களில் சிக்கல் தொடங்குவது இங்கேதான். இந்த வீட்டை விற்பவர் தென்னிந்தியர். ஒரு பத்திரத்தில் தந்தை பெயர் கடைசிப் பெயராகவும், கடன் பத்திரத்தில் அதுவே நடுப்பெயராகவும், வேறொன்றில் வெறும் முதலெழுத்தாகவும் இருந்தது. கடைசிப் பெயரை மட்டும் இட்டுத் தேடியிருந்தால் பாதிப் பத்திரங்கள் அகப்பட்டிரா. பெயரின் ஒவ்வொரு பகுதியையும் கடைசிப் பெயராக வைத்துத் தேடினோம். பெயர்களில் வரும் ஒற்றை எழுத்தை இரட்டையாக்கியும், ‘த’கரத்துக்கு ஆங்கிலத்தில் எச் சேர்த்தும் நீக்கியும் பார்த்தோம். மனைப்பிரிவின் பெயர், பிளாக், மனை எண் ஆகியவற்றை வைத்துத் தேடும் வசதி பெயர்த் தேடலில் தவறியவற்றைப் பிடிக்க உதவியது.

பத்திரத்தைத் திறந்ததும் விலை தெரிந்துவிடும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். விற்ற விலையை அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்ற கட்டாயம் டெக்சாஸில் இல்லை. பத்து டாலரும் பிற மதிப்புள்ள கைம்மாறும் பெற்றுக்கொண்டதாகத்தான் பெரும்பாலான பத்திரங்கள் சொல்லும். எனினும், அதே நாளில் பதிவான அடமானப் பத்திரத்தில் கடன் தொகை எழுதப்பட்டிருக்கும். அதிலிருந்து, விற்பவர் என்ன விலைக்கு வாங்கியிருப்பார் என்று ஓரளவு ஊகிக்கலாம். பேரம் பேசும்போது அந்த ஊகம் பயன்பட்டது.

அடமானப் பத்திரம் ஒவ்வொன்றுக்கும் அதை விடுவித்த ஆவணம் ஒன்று இருக்க வேண்டும். அவற்றை இணை இணையாக ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். முதல் உரிமையாளரின் கடன், அவர் வட்டி குறைந்த காலத்தில் மாற்றி எடுத்த கடன், இப்போதைய உரிமையாளரின் கடன் என்று வரிசைப்படுத்தியபோது, நடுவில் இருந்த ஒன்றுக்கு விடுவிப்பு ஆவணம் தென்படவில்லை. கடன் கொடுத்த வங்கியின் பெயரில் தேடியதே அதற்குக் காரணம். வங்கிகள் 1990களில் கூட்டாக ஏற்படுத்திய ‘மெர்ஸ்’ என்ற மின்னணு அமைப்பின் பெயரில் பல அடமானங்கள் பதிவாகியிருக்கும். வங்கிகளுக்குள் கடன் கைமாறினாலும் கவுண்டிப் பதிவேட்டில் அந்தப் பெயரே நிற்கும். மெர்ஸ் என்று தேடியவுடன் விடுவிப்பு ஆவணம் கிடைத்தது. இவற்றோடு நீதிமன்றத் தீர்ப்புக் கடன், கட்டாத மத்திய வருமான வரிக்காகச் சொத்தின் மேல் பதிவாகும் பிணை, கூரை மாற்றியவர்கள் கூலி வராமல் பதிவுசெய்யும் பிணை, வழக்கு நிலுவை அறிவிப்பு ஆகியவற்றையும் உரிமையாளர் பெயரில் தேடிப் பார்த்தோம். ஒன்றும் இல்லை. வழக்குகளின் முழுக் கோப்பு வேண்டுமென்றால் டிஸ்ட்ரிக்ட் கிளார்க் என்ற வேறோர் அலுவலகத்துக்குச் செல்ல வேண்டும். எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

பழைய பத்திரங்களைப் பின்னோக்கிப் படித்துக்கொண்டே போனால் வேறொரு டெக்சாஸ் தெரிகிறது. கேட்டி நெல் விளைந்த ஊர். மனைப்பிரிவாவதற்கு முன் அந்த நிலத்தை விற்றவர்கள் நிலத்தடியிலுள்ள எண்ணெய், எரிவாயு உரிமையைத் தங்களுக்கென நிறுத்திக்கொண்டே மேற்பரப்பை விற்றிருக்கிறார்கள். டெக்சாஸ் சட்டத்தில் கனிம உரிமைக்கு மேற்பரப்பு உரிமையைவிட முன்னுரிமை உண்டு என்பதால், மேற்பரப்பைப் பயன்படுத்தமாட்டோம் என்று அவர்கள் எழுதிக் கொடுத்த ஆவணம் இருக்கிறதா என்று தேடினேன், இருந்தது. அதற்கும் முந்தைய விவரணைகளில் தூரம் ‘வாரா’ என்ற ஸ்பானிய அளவில் வருகிறது. ஒரு வாரா 33⅓ அங்குலம். 1845இல் அமெரிக்காவுடன் இணைந்தபோது டெக்சாஸ் தன் பொது நிலங்களைத் தானே வைத்துக்கொண்டதால், நிலத்தை அரசு முதன்முதலில் வழங்கிய பத்திரங்கள் வாஷிங்டனில் இல்லாமல் ஆஸ்டினில் உள்ள மாநில நில அலுவலகத்தில் இருக்கின்றன. வீடு வாங்க இதெல்லாம் வேண்டியதில்லை. ஆனால் தொடங்கிவிட்டால் நிறுத்துவது கடினம்.

எங்கள் முடிவை மாற்றியது பத்திரங்களில் எதுவுமன்று, மனைப்பிரிவின் வரைபடம். ‘பிளாட்’ என்று இங்கே சொல்லப்படும் இந்த வரைபடத்தை, நிலத்தை மனைகளாகப் பிரிக்கும்போது கவுண்டியின் ஒப்புதல் பெற்றுப் பதிவுசெய்கிறார்கள். தெருக்கள், மனை அளவுகள், மின்கம்பிக்கும் வடிகாலுக்கும் விட வேண்டிய இடங்கள், கட்டட எல்லைக் கோடுகள் எல்லாம் இதில் இருக்கும். பெரிய தாளில் வரையப்பட்டதைச் சிறிய திரையில் பார்த்தால் ஓரத்தில் உள்ள குறிப்புகளைப் படிக்க இயலாது. ஆகவே ரிச்மண்டுக்கே சென்றோம். கவுண்டரில் இருந்த அம்மையார் எண்ணைக் கேட்டு, கணினியில் வரைபடத்தை எடுத்துக் கொடுத்து, பெரிதாக்கிப் பார்ப்பது எப்படி என்றும் காட்டினார். சாதாரண நகலுக்குச் சட்டப்படி பக்கத்துக்கு 1 டாலர்; சான்றளித்த நகல் வேண்டுமென்றால் கூடுதலாக 5 டாலர். படிப்பதற்குச் சாதாரண நகலே போதும்.

குறிப்புகளின் வரிசையில், தரைமட்ட உயரம் பற்றிய ஒன்றுக்கும் வடிகால் பற்றிய ஒன்றுக்கும் நடுவே, இந்த மனைப்பிரிவு பார்க்கர் நீர்த்தேக்கத்தை ஒட்டியிருக்கிறது, ராணுவப் பொறியாளர் படையின் மேலாண்மையில் கட்டுப்படுத்தப்பட்ட நீண்ட நேர நீர்ப்பெருக்கத்துக்கு உட்பட்டது என்ற பொருளில் ஒரே ஒரு வாக்கியம் இருந்தது.

இதன் பின்னணியைச் சொல்ல வேண்டும். 1929, 1935 ஆகிய ஆண்டுகளில் ஹியூஸ்டன் நகரை வெள்ளம் சூறையாடியதையடுத்து, ராணுவப் பொறியாளர் படை 1940களில் மேற்கே பார்க்கர், ஆடிக்ஸ் என்று இரண்டு மண் அணைகளைக் கட்டியது. இவை ஏரிகள் அல்ல. மழையில்லாத நாட்களில் வறண்டு கிடக்கும். பார்க்கருக்குள் ஜார்ஜ் புஷ் பூங்காவே அமைந்திருக்கிறது. அணை முழுவதும் நிரம்பினால் தண்ணீர் எட்டக்கூடிய நிலம் முழுவதையும் அரசு அன்று வாங்கவில்லை. வாங்காமல் விட்ட விளிம்பில் பின்னாளில் வீடுகள் எழுந்தன. 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் வந்தபோது, நீர்த்தேக்கத்தின் தண்ணீர் அரசு நிலத்தின் எல்லையைத் தாண்டி, கேட்டி பகுதியிலுள்ள சின்கோ ராஞ்ச் குடியிருப்பின் சில பகுதிகள் உட்பட அந்த விளிம்பு வீடுகளுக்குள் தேங்கி நின்றது. அவற்றில் பல, மத்தியப் பேரிடர் அமைப்பான ஃபெமாவின் வெள்ள வரைபடத்தில் நூறாண்டு வெள்ளப் பகுதிக்கு (ஓர் ஆண்டில் வெள்ளம் வர நூற்றில் ஒரு வாய்ப்புள்ள பகுதிக்கு) வெளியே இருந்தவை. அப்படித் தேக்கியது தனியார் சொத்தை அரசு எடுத்துக்கொண்டதற்குச் சமம் என்று மத்திய உரிமைக்கோரல் நீதிமன்றம் 2019 டிசம்பரில் தீர்ப்பளித்தது.

ஃபோர்ட் பெண்ட் கவுண்டி அதிகாரிகள் 1990களிலேயே இதை உணர்ந்து, நீர்த்தேக்கத்தை ஒட்டிய புதிய மனைப்பிரிவுகளின் வரைபடத்தில் அந்த வாக்கியத்தைச் சேர்க்கக் கட்டாயப்படுத்தியிருக்கிறார்கள். செய்தது நல்ல காரியம்தான். ஆனால் வீடு வாங்குபவர் எவரும் வழக்கமாகப் பார்க்காத தாளில் அதை எழுதினார்கள். ஹார்விக்குப் பிறகுதான் பலருக்கு அந்தக் குறிப்பைப் பற்றித் தெரியவந்தது. 2019 செப்டம்பரிலிருந்து, விற்பவர் கொடுக்க வேண்டிய அறிவிப்புப் படிவத்தில் வீடு நீர்த்தேக்கத்தின் வெள்ளத் தேக்கப் பகுதிக்குள் இருக்கிறதா என்ற கேள்வி சேர்க்கப்பட்டுவிட்டது. ஆனால் அந்தப் படிவத்தில் இருப்பது விற்பவருக்குத் தெரிந்தது மட்டுமே. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: இதே நீர்த்தேக்கத்தின் ஹாரிஸ் கவுண்டிப் பக்கத்தில் இப்படிக் குறிப்பு எழுதும் கட்டாயம் இருக்கவில்லை. அங்கே வரைபடத்தில் குறிப்பு இல்லை என்பதை வைத்துக்கொண்டு ஆபத்து இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஹாரிஸ் கவுண்டி வெள்ளக் கட்டுப்பாட்டு மாவட்டத்தின் இணைய வரைபடத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அந்த வீட்டை விட்டுவிட்டோம். முகவர் சற்று வருத்தப்பட்டார்; விற்பவரைக் குறை சொல்ல எங்களுக்கு எதுவும் இல்லை. பிறகு பார்த்த வீடுகளில் வரிசையை மாற்றிக்கொண்டு, மனைப்பிரிவு வரைபடத்தை முதலிலும் பத்திரங்களைப் பிறகும் பார்த்தோம். தேக்கப் பகுதிக்கு வெளியே கிடைத்த வீட்டுக்கு, கவுண்டி வரி அலுவலகத்தின் தளத்தில் வரி ரசீதைத் திறந்தபோது, கவுண்டி, பள்ளி மாவட்டம் ஆகியவற்றோடு ‘மட்’ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் குடிநீர், கழிவுநீர் மாவட்டத்தின் வரியும் தனியே குறிக்கப்பட்டிருந்தது. குழாய்களும் வடிகாலும் அமைக்க வாங்கிய கடனை அந்த மாவட்டம் இந்த வரியின் மூலமே அடைக்கிறது. பழைய மாவட்டங்களில் கடன் பெரிதும் அடைந்திருக்கும் என்பதால் விகிதம் குறைவாக இருக்கும். ஒரே தொலைவில், ஒரே விலையில் உள்ள இரண்டு வீடுகளின் வரியில் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான டாலர் வேறுபாடு வருவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

வாங்கி முடித்துப் பத்திரம் பதிவான சில வாரங்களில், அரசு முத்திரை போன்ற சின்னத்தோடு கடிதங்கள் வரத் தொடங்கின. ‘உங்கள் பத்திரத்தின் நகலைப் பெறுங்கள்’, ‘ஹோம்ஸ்டெட் விலக்குக்கு விண்ணப்பித்துத் தருகிறோம்’ என்று கட்டணம் கேட்பவை. பதிவேடு திறந்திருப்பதால் நம் பெயரும் முகவரியும் அவர்களுக்கும் கிடைத்துவிடுகின்றன. நகல் கிளார்க்கிடம் ஓரிரு டாலருக்குக் கிடைக்கும். ஹோம்ஸ்டெட் விண்ணப்பத்தை மதிப்பீட்டு மாவட்டத்தில் கட்டணமில்லாமல் நாமே கொடுக்கலாம். கடிதங்களைக் குப்பையில் போட்டுவிட்டு, விண்ணப்பத்தைக் கொடுத்தோம். கடைசியாக, எங்களுக்கு விற்றவரின் அடமானம் விடுவிக்கப்பட்ட ஆவணம் பதிவாகிறதா என்று கிளார்க்கின் அட்டவணையை அவ்வப்போது பார்த்துவந்து, பதிவானதும் அதன் எண்ணை எங்கள் பத்திரத்தோடு சேர்த்துக் குறித்துவைத்தோம்.