ஹெதர் பூ பீரும் கொழிஞ்சாம்பாறைக் கள்ளும்

கொழிஞ்சாம்பாறை கேரளாவில்தான் இருக்கிறது, ஆனால் அங்கே டீக்கடையில் உட்கார்ந்தால் காதில் விழுவது பெரும்பாலும் நம்ம கோயமுத்தூர்ப் பக்கத்துத் தமிழ்தான். பொள்ளாச்சியிலிருந்து கிளம்பி கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டியதும் கடை போர்டுகள் மலையாளத்துக்கு மாறும், தென்னந்தோப்பு அப்படியே தொடரும். ஒரே வித்தியாசம், இந்தப் பக்கத்து மரங்கள் பலவற்றில் பாளையைக் கட்டி முட்டி (கள் சேரும் பானை) தொங்கவிட்டிருப்பார்கள். தமிழ்நாட்டில் 1987-லிருந்து கள்ளுக்குத் தடை. இங்கே சித்தூர் தாலுகாவில் (ஆந்திரா சித்தூர் இல்லை, பாலக்காட்டுச் சித்தூர்) இறக்குகிற கள்தான் கேரளாவின் பல மாவட்டங்களுக்கு வண்டி வண்டியாகப் போகிறது.

எங்கள் அத்தை வீடு இந்தப் பக்கம்தான், தோப்புக்கு நடுவில் ஒரு தோட்டத்துச் சாளை. அத்தை மகன் கிளாஸ்கோவில் வேலை பார்க்கிறான், லீவுக்கு வந்தவன் ஃப்ரூக் என்கிற ஸ்காட்லாந்து பீர் சில பாட்டில் கொண்டுவந்திருக்கிறேன், வந்து குடித்துப் பார் என்று கூப்பிட்டான். அலோவா என்ற ஊரில் வில்லியம்ஸ் பிரதர்ஸ் என்ற கம்பெனி காய்ச்சுவது. ஸ்காட்லாந்து மலைச்சரிவுகளில் ஆகஸ்ட், செப்டம்பரில் ஊதா நிறத்தில் பூத்துக் கிடக்குமே ஹெதர், அந்தப் பூவைப் போட்டுக் காய்ச்சுகிறார்கள். கூடவே ஸ்வீட் கேல் என்று சதுப்பு நிலத்தில் வளரும் வாசனைச் செடியின் இலை. ஆல்கஹால் 5 சதவீதம்.

எனக்கு இந்த மாதிரி பீர்கள் மேல் ரொம்ப நாளாக ஆசை. நாம் பீர் என்றால் கசப்பு என்று பழகிவிட்டோம், அந்தக் கசப்பு ஹாப்ஸிலிருந்து வருவது. ஹாப்ஸும் பூதான், பெண்கொடியின் பூங்கொத்து. அதன் இதழுக்கடியில் மஞ்சள் பொடி இருக்கும், அதைக் கொதிக்கவிட்டால் கசப்பு இறங்கும், பீரும் சீக்கிரம் கெடாது. ஆனால் ஹாப்ஸ் ஐரோப்பா முழுக்கப் பரவுவதற்கு முன்னால் பல நூறு வருஷம் அங்கே குரூயிட் என்கிற மூலிகைக் கலவையைப் போட்டுத்தான் பீர் காய்ச்சினார்கள். ஸ்வீட் கேல், யாரோ (yarrow) என்கிற மூலிகை மாதிரியான செடிகள் அதில் இருக்கும். அந்தக் கலவையை விற்கும் உரிமை ஊரை ஆள்பவர்கள் கையில், அதாவது அது ஒரு வரி மாதிரி. பெல்ஜியத்தில் புரூஜ் நகரத்தில் அந்த உரிமையை வைத்தே பணக்காரர்களான ஒரு குடும்பத்தின் அரண்மனை இப்போது மியூசியமாக இருக்கிறது. பிறகு 1516-இல் பவேரியாவில் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர வேறெதுவும் சேர்க்கக் கூடாது என்று சட்டமே போட்டார்கள். அப்படி ஒதுங்கிப்போன ஒரு ருசியை இப்போது சின்னச் சின்ன கம்பெனிகள் திரும்பக் கொண்டுவருகின்றன என்பதுதான் எனக்கு இதில் பெரிய விஷயம்.

சரி, குடித்த கதைக்கு வருகிறேன். சாயங்காலம், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தோப்பைப் போட்டு உலுக்கிக்கொண்டிருந்தது. மாமா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார், அத்தை கடலைக்காய் வேகவைத்துக் கொண்டுவந்து வைத்தார்கள். “மச்சான், ரொம்ப ஜில்லுன்னு குடிக்காதே, வாசம் தெரியாது” என்று சொல்லி அவன் பாட்டிலை முன்னாலேயே ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வெளியே வைத்திருந்தான். இது சரியான யோசனை. ஊற்றியதும் நிறம் வெளிர் தேன் நிறம், நுரை அதிகம் நிற்கவில்லை. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் முதலில் லேசான பூ மணம், அப்புறம் மரிக்கொழுந்தைக் கசக்கினது போல ஒரு பச்சை வாசனை, அது ஸ்வீட் கேலாகத்தான் இருக்க வேண்டும். வாயில் வைத்ததும் மால்ட்டின் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) இனிப்பு. கசப்பு வரும் வரும் என்று நாக்கு காத்திருக்கிறது, அது வரவே இல்லை, அதற்குப் பதில் கடைசியில் ஒரு சின்ன காரமும் துவர்ப்பும் வந்து வாயைக் காய வைத்துவிட்டுப் போகிறது. விழுங்கின பிறகும் தொண்டையில் அந்தப் பச்சை வாசனை கொஞ்ச நேரம் இருந்தது. எனக்கு அந்த இரண்டாவது பாதிதான் பிடித்தது. முதல் பாதி இனிப்பு இன்னும் கொஞ்சம் குறைந்திருக்கலாம்.

மாமா ஒரு வாய் குடித்துவிட்டு “அரிஷ்டத்தைத் தண்ணி கலந்து குடுத்த மாதிரி இருக்குது” என்றார். நான் இதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் அவர் சொன்னதில் பெரிய உண்மை இருக்கிறது. தசமூலாரிஷ்டம் குடித்தவர்களுக்குத் தெரியும், அதுவும் புளிக்கவைத்த சரக்குதான், தானாக உண்டான ஆல்கஹால் இருக்கிறது என்று லேபிளிலேயே போட்டிருக்கும். மூலிகைக் கஷாயத்தில் வெல்லம் கரைத்து, தாதகிப்பூவைப் போட்டு, வாயை மூடி நாள்கணக்கில் வைத்துவிடுவார்கள். மலையாளத்தில் தாதிரிப்பூ, நம் பக்கம் காட்டாத்திப்பூ என்றும் சொல்வார்கள், சிவப்பாகச் சின்னக் குழல் மாதிரி இருக்கும். அந்தப் பூவில் ஒட்டியிருக்கும் ஈஸ்ட்தான் வெல்லத்தைப் புளிக்கவைக்க உதவுகிறது. பூ போட்டுப் புளிக்கவைப்பதில் நமக்கும் ஒரு பழைய கை இருக்கிறது, மருந்து அலமாரியில் இருப்பதால் அதை யாரும் ருசிக்காகப் பேசுவதில்லை.

அந்த நேரம் பார்த்து, சாயங்காலப் பாளை சீவ வந்திருந்த அண்ணன் மரத்திலிருந்து இறங்கி வந்தார். மாமா தோப்பில் அவர்தான் ரொம்ப வருஷமாகக் கள் இறக்குகிறார். இடுப்பில் கத்திக்கூடு, கையில் பாளையைத் தட்டும் கட்டை. மாமா கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தார். அவர் குடிப்பதற்கு முன்னால் டம்ளரைச் சுற்றிப் பார்த்தார், மோந்து பார்த்தார், அப்புறம் கேட்டார்: “இதுல பூவ எப்பங்க தம்பி போட்டாங்க? கொதிக்கறப்பவா, எறக்குன பின்னாடியா?”

பூ பீர் பற்றி இதைவிட நல்ல கேள்வி எதுவும் நான் கேட்டதில்லை. ஏனென்றால் விஷயமே அதில்தான் இருக்கிறது. கொதிக்கும்போது போட்டால் காரமும் துவர்ப்பும் இறங்கும், மணம் ஆவியோடு போய்விடும். அதனால் இந்த பீரில் கொதிக்கும்போது கொஞ்சம் போடுகிறார்கள், அப்புறம் லேசாக ஆறியதும் புதுப் பூ நிரப்பிய தொட்டியில் ஊற்றி ஊறவிட்டு, அதற்குப் பிறகுதான் புளிக்கவைக்கப் போகிறது. இதைச் சொன்னதும் “அதானுங்க, வாசம் மேல நிக்குது” என்றார். அவருக்குக் கசப்பு இல்லாதது பிடித்திருந்தது. வழக்கமான பீர் தனக்கு ஆகாது என்றார்.

அவர் வேலையைப் பார்த்தாலும் அதுவும் பூ வேலைதான். விரியாத பாளைக்குள் இருப்பது தென்னம்பூ. அதை விரியவிடாமல் கட்டி, தினமும் தட்டித் தட்டிப் பதமாக்கி, நுனியை மெல்லிசாகச் சீவினால் பூவுக்குப் போக வேண்டிய இனிப்பெல்லாம் சொட்டுச் சொட்டாக முட்டியில் விழும். அங்கே யாரும் ஈஸ்ட் சேர்ப்பதில்லை, காற்றிலும் முட்டியிலும் இருப்பதே போதும், விழுந்த சில மணி நேரத்தில் புளிக்க ஆரம்பித்துவிடும். சீவுவது கொஞ்சம் தடித்தால் பாளை சீக்கிரம் தீர்ந்துவிடும், சீவாமல் விட்டால் சொட்டு நின்றுவிடும் என்றார். ஸ்காட்லாந்தில் பூவைப் பறித்து மால்ட் தண்ணீரில் போடுகிறார்கள், இவர் பூவைப் பறிக்காமலே அதன் சாற்றை எடுத்துவிடுகிறார்.

மறுநாள் காலையில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு கள்ளு ஷாப்பில் உட்கார்ந்து, முந்தின நாள் ருசி நாக்கில் நினைவிருக்கும்போதே கள் குடித்துப் பார்த்தேன். காலைக் கள்ளில் இனிப்புதான் முதலில், பின்னால் மெல்லப் புளிப்பு, வாய் முழுக்க ஒரு பொங்கல். கப்பையும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்கறியும் சேர்ந்தால் அதற்கு இணை இல்லை. ஹெதர் பீரை மீன்கறியோடு வைத்தால் அதன் மணம் காணாமல் போய்விடும், அதற்கு வேகவைத்த கடலைக்காய், சுட்ட மக்காச்சோளம் மாதிரி மசாலா இல்லாத பண்டம்தான் சரி.

பெங்களூரில் தாங்களே பீர் காய்ச்சி விற்கிற மைக்ரோப்ரூவரி இவ்வளவு இருக்கிறது, ஹாப்ஸைப் பெரும்பாலும் வெளியிலிருந்து வாங்குகிறார்கள். நம் நாட்டில் இமாச்சலில் லாஹௌல் பள்ளத்தாக்கில் ஹாப்ஸ் விளைகிறது, தெற்கே அதற்கு வேண்டிய நீண்ட பகலும் குளிரும் கிடையாது. ஆனால் காட்டாத்திப்பூ மேற்குத் தொடர்ச்சி மலையில் கிடைக்கிறது, வெட்டிவேர் கிடைக்கிறது, ஆவாரம்பூ ரோட்டோரத்தில் பூத்துக் கிடக்கிறது. யாராவது ஒருவர் இதில் ஒன்றை எடுத்து, அந்த அண்ணன் கேட்ட கேள்வியைக் கேட்டுக்கொண்டு, கொதிக்கும்போது எவ்வளவு, இறக்கிய பின் எவ்வளவு என்று பொறுமையாகச் செய்து பார்க்க வேண்டும். நான் பஸ் ஏறிப் போய்க் குடித்துவிட்டு எழுதத் தயார்.

ஹெதர் பீர் கையில் கிடைப்பவர்களுக்கு: வாய் அகன்ற கண்ணாடி டம்ளரில் ஊற்றுங்கள், பாட்டிலோடு குடிக்காதீர்கள், ஐஸ் வேண்டாம். லேகர், அதாவது கடையில் கிடைக்கும் வழக்கமான பீர், மட்டுமே குடித்தவர்களுக்கு முதல் டம்ளர் சப்பென்று தோன்றலாம். கள் குடித்துப் பழகியவர்களுக்கு முதல் வாயிலேயே பிடித்துவிடும்.